கல்திரை

திருவரங்கத்தின் பழைய வரலாற்று வழக்கில் 'கல்திரை' என்றொரு சொல் உண்டு. சந்நிதியில் தளிகை அமுது செய்விக்கும்போது இழுத்து விடுவது துணித்திரை. 1323-ஆம் ஆண்டில், டில்லியிலிருந்து சுல்தானின் மகன் உலூக்கானின் படை தெற்கு நோக்கி இறங்கி வருகிறது என்ற செய்தி காவிரிக் கரையை எட்டியபோது, பள்ளிகொண்ட மூலவரான பெரிய பெருமாளை மறைக்க எழுப்பியதோ கல்லாலான திரை. அதைச் சுவர் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. திரையாயின் என்றேனும் ஒரு நாள் விலகும் அன்றோ?

அந்நாளில் அங்கே எழுந்தருளியிருந்த ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். வடமொழி வேதாந்தம் கல்லாதவரும் உய்யும்படி மணிப்பிரவாளத்தில் பதினெட்டு ரகசிய கிரந்தங்களை அருளியவர். எம்பெருமானே உபாயம், அவன் திருவடியில் பாரத்தை வைத்தவனுக்குப் பயமில்லை என்று ஆயுள் முழுதும் உபதேசித்தவர். அத்தகையவர், ஆபத்து வாயிலுக்கு வந்த வேளையில், அவன் பார்த்துக்கொள்வான் என்று வாளாவிருக்கவில்லை. தள்ளாத வயதில், உற்சவ மூர்த்தியான அழகிய மணவாளனைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணி, சிறு பரிவாரத்தோடு தென்திசைக் காட்டுவழியில் நடந்தார்.

சரணாகதி செய்தவர் இவ்வாறு பதறலாமா என்று கேட்பவருக்கு, அவருடைய ஸ்ரீவசன பூஷணமே சமாதானம் சொல்கிறது. ஞானம் மேலிட்ட நிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர். பிரேமை மேலிட்டாலோ அந்த முறை தலைமாறி, உலகையெல்லாம் காப்பவனுக்கே என்ன தீங்கு வருமோ என்று அடியவன் நெஞ்சு துடிக்கும். கருடன்மேல் காட்சி தந்த பெருமாளைக் கண்ட பெரியாழ்வார், தமக்கென்று ஒன்றும் வேண்டாமல், அவனுக்குப் பல்லாண்டு பாடியது இந்தத் துடிப்பினால்தான். நூலில் எழுதிய அந்த வாக்கியத்தைப் பிள்ளை லோகாசாரியர் தம் கால்களால் நடந்து காட்டினார் என்றே நான் கருதுகிறேன். விசுவாசம் என்பது கையைக் கட்டிப்போடும் பொருளன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

வழியில் கள்வர் மறித்துப் பெருமாளின் திருவாபரணங்களைப் பறித்தனர் என்றும், ஆசாரியர் தம்மிடம் இருந்ததையும் கொடுத்துவிட்டு மேலே நடந்தார் என்றும் குருபரம்பரையில் சொல்வார்கள். மதுரைக்கு அருகே, ஆனைமலைச் சாரலில் உள்ள ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். பெருமாள் திரும்பியதை அவர் காணவில்லை.

திருவரங்கத்தில் பின்தங்கிய மற்றோர் ஆசாரியரான வேதாந்த தேசிகரோ, அப்படையால் மடிந்தோர் உடல்களினிடையே கிடந்து, ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதன் ஆசிரியரான சுதர்சன சூரியின் இரு பிள்ளைகளையும் காப்பாற்றிக் கர்நாடகத்துக்குப் போனார் என்பது சம்பிரதாயம். அச்சமின்மையை வேண்டி அரங்கனைத் துதிக்கும் அபீதிஸ்தவம் அவர் பாடியது.

பெருமாளோ மலைநாடு, மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராகச் சென்று, செஞ்சியிலும் சில காலம் தங்கி, விஜயநகரத் தளகர்த்தரான கோபணரால் 1371-இல் திருவரங்கம் திரும்பினார்; அச்செய்தியைச் சொல்லும் வடமொழிச் சுலோகங்கள் இரண்டு கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. புறப்பட்டுப் போய் நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்பு அவரைக் கண்டவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தியைப் பிரதிஷ்டை செய்து ஆராதித்து வந்ததால், வந்தவர் பழைய பெருமாள்தானா என்ற ஐயம் எழுந்தது.

அப்போது, பெருமாளின் பரிவட்டங்களை முன்பு வெளுத்து வந்த கிழவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தனராம். அவருக்குக் கண் தெரியாது. மூர்த்திகள் இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்தியிருந்த ஈர வஸ்திரங்களை அவரிடம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பிழிந்து தீர்த்தத்தைப் பருகிப் பார்த்த அந்தக் கிழவர், ஒன்றில் மட்டும் பழைய கஸ்தூரி வாசனையை அறிந்துகொண்டு, 'இவரே நம்பெருமாள்' என்றார்.