பல்லாவரத்தில் யார் வந்தேறி?

கல்யாணமாகித் திண்டிவனத்திலிருந்து பல்லாவரம் வந்தவள் நான். அரசுக் கணக்கில் நானும் இடம்பெயர்ந்தவள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பதிவான காரணம் திருமணம். ஆனாலும் என்னை இதுவரை யாரும் ‘வந்தேறி’ என்றதில்லை. அந்தச் சொல் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி எழுப்பும் பீகார், ஒடிசாக் குடும்பங்களுக்கென்றே வைத்திருக்கிற சொல். இன்னொரு சொல் ‘வடக்கன்’. அது ஆண்பால். அந்தச் சொல்லுக்குள் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இதை மொழிப்பற்று என்று நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. அப்படியானால் மொழிப்பற்றின் வரலாற்றை இதே ஊரிலிருந்து பார்க்கலாம். மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்தவர். 1916-இல் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்கு, சிறுமியாக இருந்த மகள் நீலாம்பிகையோடு நடந்த உரையாடல் ஒரு தூண்டுகோல் என்பார்கள். அந்த நீலாம்பிகை அம்மையார்தான் 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றழைக்கத் தீர்மானித்தது அந்த மாநாடு. அதைத் தொடர்ந்து மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மறியல் செய்து சிறை சென்றார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போன பெண்களும் இருந்தார்கள்.

அவர்கள் எதை எதிர்த்தார்கள்? பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி அரசின் ஆணையை. அது அதிகாரத்துக்கு எதிரான போராட்டம். பிழைக்க வந்த ஏழைக்கு எதிரானது அல்ல. இந்த வேறுபாட்டை இன்று நாம் தவறவிடுகிறோம். 2022 மே மாதம் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழாவில், இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லப் புகுந்த அப்போதைய உயர்கல்வி அமைச்சர், இங்கே பானிபூரி விற்பது யார் என்று கேட்டார். வாதம் நியாயமானதுதான். ஆனால் கேலி போய் விழுந்தது தள்ளுவண்டிக்காரர் மேல். 2023 மார்ச்சில் இங்கே பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தமிழக அரசு அவற்றை மறுத்தது, வழக்குகள் பதிந்தது. செய்தி பொய். ஆனால் நம் தெருப் பேச்சு அதை நம்பும்படி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சை ஒரு காலத்தில் நாமே கேட்டிருக்கிறோம். 1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் இலக்கு ‘மதராசிகள்’. தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிக்காரர்களின் வாரிசுகளும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்த மலையகப் பிள்ளையிடம் அப்பன் எங்கே பிறந்தான், இல்லையென்றால் அப்பன்வழித் தாத்தனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. கொழுந்து பறித்த அம்மாவின் பிறப்பை அது கேட்கவே இல்லை.

அம்மாவைக் கேட்காதது அந்தச் சட்டம் மட்டுமல்ல. எங்கள் தெருமுனைக் கட்டடத்தில் ஒரு சித்தாள் இருக்கிறார், ஒடிசாக்காரர். கணவரோடு வந்ததால் அவரும் கணக்கெடுப்பில் என்னைப் போலவே குடும்பக் காரணம் என்ற பத்திக்குள் போய்விடலாம். மேஸ்திரி இருவர் கூலியையும் கணவர் கையில் கொடுக்கிறார். 2025 வரை நடப்பிலிருந்த 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பதிவேட்டில் பெண்களின் பெயரே இல்லாவிட்டால் ஐம்பது எப்படி நிறைந்திருக்கும்? 2014 ஜூனில், இங்கிருந்து அதிகத் தூரமில்லாத மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. செய்திகளில் எல்லோரும் ‘வெளிமாநிலத் தொழிலாளர்கள்’ ஆனார்கள்.

மொழியுரிமையை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கட்டாய இந்திக்கு எதிராக நிற்பதும், அந்தச் சித்தாளின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், கூலி அவர் கையில் சேர வேண்டும் என்று கேட்பதும் ஒரே நியாயம்தான்.

அவருடைய மகள் இங்குள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு கோடு.

“அம்மா வேலைக்குப் போன நாள் ஆன்ட்டி. மேஸ்திரி குறைச்சுச் சொல்றாரு.”

அட்டையில் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள், தமிழில்.