சுமைதாங்கி இல்லாத வரைபடம்

என் காரோடு சேர்ந்து வந்த வழிகாட்டித் திரை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: விரைவான வழியா, குறைந்த தூரமா? சுங்கச்சாவடியைத் தவிர்க்க ஒரு பொத்தான் உண்டு. அதற்கு மேல் அதனிடம் எதையும் சொல்ல முடியாது. சேலத்திலிருந்து திருச்செங்கோடு என்று கொடுத்தால் நான்குவழிச் சாலையில் ஏற்றி, வைகுந்தம் சுங்கச்சாவடி, சங்ககிரி என்று அழைத்துப் போகும். எனக்கு வேண்டியது ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழி. அதில் கொஞ்ச நேரம் கூடப் பிடிக்கலாம். ஆனால் சாலையோரம் அடுத்தடுத்து ஊர்கள் வரும். பஸ் நிறுத்தம், டீக்கடை, திண்ணையில் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றும் பெண்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும். இருட்டிய பிறகு டயர் பஞ்சரானால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாராவது இருப்பார்கள். நான்குவழிச் சாலையில் நடுத்தடுப்பும், பறந்து போகும் லாரிகளின் வெளிச்சமும்தான்.

நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் திரும்பினால் திரை சும்மா இருக்காது. திரும்பு, திரும்பு என்று சொல்லிக்கொண்டே வரும். பிறகு புதிதாகக் கணக்குப் போட்டு, எதிர்ப்படும் ஒவ்வொரு குறுக்குச் சாலை வழியாகவும் என்னை நெடுஞ்சாலைக்கே இழுக்கும். வழியில் மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பிறகு அம்மா வீடு என்று மூன்று இடத்தில் நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி எழுத்துக்கூட்டிச் சேர்க்க வேண்டும். அதில் இருக்கும் வரைபடமோ பழையது. புதிதாகப் போட்ட புறவழிச்சாலையில் போகும்போது என் கார் யாருடைய சோளக்காட்டுக்குள்ளோ ஓடுவதாகக் காட்டும்.

இதை ஒரு கருவியின் கோளாறு என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு வழியை ‘நல்ல வழி’ என்று முடிவு செய்வது எப்படி என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெண்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், சாலை போட்டிருக்கிறார்கள், சுமை தூக்கி நடந்திருக்கிறார்கள். எதைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் அவர்கள் அரிதாக இருந்தார்கள்.

குறுகிய வழி காணும் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1956-இல் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் வேலை பார்த்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் நகருக்குப் போகக் குறைந்த தூர வழி எது என்று யோசித்தார். தன் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல் சுமார் இருபது நிமிடத்தில் விடை கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அது 1959-இல் அச்சேறியது. இன்று வழிகாட்டும் கருவிகளின் அடியில் ஓடுவது அந்தக் கணக்கும் அதன் வழித்தோன்றல்களும்தான்.

அந்த வருங்கால மனைவி ரியா டெபெட்ஸ், அதே கணித மையத்தில் கணக்கிடும் வேலை செய்தவர். மின்னணுக் கணினி முழுதாக வருவதற்கு முன் அந்த வேலையைக் கையால் செய்தது இளம்பெண்களின் ஒரு குழு. ‘கணக்குப் பெண்கள்’ என்பதுதான் அவர்களுக்கு டச்சு மொழியில் இருந்த பெயர். குறுகிய வழியின் கதையில் ரியா கடைவீதிக்குக் கூடப் போனவராக மட்டும் நிற்கிறார்.

டைக்ஸ்ட்ராவின் கணக்கு எளிமையானது. இரண்டு ஊர்களுக்கு இடையிலான ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதற்குச் ‘செலவு’ என்றும் ‘எடை’ என்றும் பெயர். மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் வழியைக் கணக்கு கண்டுபிடித்துத் தரும். அந்த எண் கிலோமீட்டராக இருக்கலாம், நிமிடமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கணக்குக்கு அதில் விருப்பு வெறுப்பு கிடையாது. நிமிடத்தை மட்டும் எண்ண வேண்டும் என்பது மனிதர் எடுத்த முடிவு.

நாம் எங்கே இருக்கிறோம் என்று காருக்குச் சொல்வது செயற்கைக்கோள். அதிலும் ஒரு பெண்ணின் உழைப்பு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வறிய விவசாயக் குடும்பத்தில் 1930-இல் பிறந்த கறுப்பினப் பெண் கிளாடிஸ் வெஸ்ட், 1956-இல் டால்கிரன் கடற்படைத் தளத்தில் கணிதவியலாளராகச் சேர்ந்தார். பூமி சரியான உருண்டை இல்லை. அங்கங்கே மேடும் பள்ளமுமானது. செயற்கைக்கோள் தந்த அளவுகளைக் கொண்டு அந்த வடிவத்தைத் துல்லியமாகக் கணிக்கும் நிரல்களை அவர் எழுதினார். ஜி.பி.எஸ். அதன் மேல் நிற்கிறது. அமெரிக்க விமானப்படை அவரைச் சிறப்பித்தது 2018-இல், அவருக்கு 88 வயதாகும்போது. தன் பயணங்களுக்குக் காகித வரைபடத்தையே விரும்புவதாக அவர் சொன்னது செய்தித்தாள்களில் வந்தது.

ஜி.பி.எஸ். போர்த்தேவைக்காகப் பிறந்தது. நம் சமவெளியின் முதல் நுணுக்கமான அளவீடுகளும் ஏறத்தாழ அப்படித்தான். திப்பு சுல்தானோடு 1792-இல் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியும், தாமஸ் மன்றோ உள்ளிட்ட அவருடைய உதவியாளர்களும் வயல் வயலாக அளந்தார்கள். வரி போட வேண்டும் என்பது நோக்கம். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்ட அதன் முதுகெலும்பு ஏறத்தாழ 78-ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டிச் செல்கிறது. சேலமும் நாமக்கல்லும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கின்றன.

அளந்தவர்கள் குன்றின் மேலும் கோபுரத்தின் மேலும் கருவியை ஏற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கோட்டை தெரியும், ஏரி தெரியும், படை போகும் பாதை தெரியும். விடிவதற்கு முன் பெண்கள் ஒதுங்கப் போகும் மறைவு தெரியாது. எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் இறைக்கலாம், எந்தத் தெரு வழியாக எந்தச் சாதிப் பெண் செருப்போடு நடக்க முடியாது என்பதும் தெரியாது. அந்தப் பெண்களுக்கோ வழி என்றால் முதலில் அதுதான்.

பெயர்களும் அந்த அளவீட்டின் மிச்சங்கள். ரயில்வேயில் சங்ககிரி இன்றும் ‘சங்கரி துர்க்’. திருச்செங்கோட்டைத் திரையில் தேட ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, எழுந்த கேலியிலும் குழப்பத்திலும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத என் அம்மாவால் தன் ஊரையே அந்தத் திரையில் கண்டுபிடிக்க முடியாது.

வேறு விதமாகவும் சாலைகள் எண்ணிப் பார்க்கப்பட்டதுண்டு. 1689 முதல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பேரனின் பேரில் மதுரை நாயக்கர் அரசை நடத்தியவர் ராணி மங்கம்மாள். அவர் போட்ட சாலைகள் தெற்கே இன்றும் ‘மங்கம்மாள் சாலை’ என்று வழங்குகின்றன. சாலை என்றால் நிழலுக்கு மரம், குடிக்கக் கிணறு, தங்கச் சத்திரம் எல்லாம் சேர்ந்ததுதான். சத்திரங்கள் சாதி பார்த்தே சோறு போட்டன என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் நடப்பவருக்குக் களைப்பு உண்டு, தாகம் உண்டு என்பது அந்தச் சாலையின் கணக்கில் சேர்ந்திருந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் இருக்கும் புதுச்சத்திரம் தன் பெயரில் அந்த நினைவை வைத்திருக்கிறது. இப்போது அது தேசிய நெடுஞ்சாலை 44-இல் சில நொடிகளில் கடந்துவிடும் ஓர் ஊர்.

சத்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது சுமைதாங்கிக் கல். நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். தலையில் கூடையோ விறகுக்கட்டோ சுமந்து வரும் ஒருத்தி, தூக்கிவிட இன்னொரு கை இல்லாமலே சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். அதன் உயரமே தனியாக நடக்கும் ஆளை நினைத்து வைத்த உயரம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்காத சுமையை இறக்குவதாக எண்ணி, இந்தக் கல்லை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். அவளை உயிரோடு காப்பாற்ற முடியாத ஒரு சமூகம், செத்த பிறகு கல் நட்டது என்ற கோபம் எனக்கு உண்டு. இருந்தாலும், ஒரு பெண்ணின் உடல் பட்ட பாட்டைச் சாலையின் அமைப்புக்குள் கொண்டுவந்த வேறொரு பொருள் எனக்குத் தெரியவில்லை. சாலைகளை அகலப்படுத்தும்போது இப்படிப்பட்ட கற்கள் பிடுங்கி எறியப்படுகின்றன.

இந்தச் சமவெளி லாரிகளின் நாடு. நாமக்கல்லில் லாரிக்கு ‘பாடி’ கட்டுகிறார்கள். சங்ககிரியில் லாரித் தொழில். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. சேலம்–கரூர் ரயில் பாதை 2013-இல் திறக்கப்படும் வரை நாமக்கல் ஊருக்கு ரயிலே கிடையாது. ஆகவே இங்கே சாலை என்றால் லாரியின் சாலை. லாரிக்கு ஏற்றும் இடம் ஒன்று, இறக்கும் இடம் ஒன்று. நடுவில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் டீசலும் காசும். ‘விரைவான வழி’ அதற்குப் பொருத்தமான கணக்கு.

பெண்களின் பயணம் பெரும்பாலும் அப்படி நேர்கோட்டில் இருப்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், மில்லுக்கோ தறிக்கோ வேலைக்குப் போய், திரும்பும்போது மாமியாருக்கு மருந்து வாங்கி வருவது ஒரே பயணம். 2021 மே மாதம் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. இப்படி இறங்கி ஏறும் பயணத்துக்கு ஒவ்வொரு முறையும் தனிக் காசு தர வேண்டியிருந்ததை அது மாற்றியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது என்று தானே முடிவு செய்வதில்தான் அதன் ருசி இருந்தது.

‘விரைவு’ என்ற ஒற்றை எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, 2018-இல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை ஓர் எடுத்துக்காட்டு. பயண நேரம் பாதியாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம். அளவுக்கல் நட வந்தபோது தங்கள் வயலில் விழுந்து அழுத பெண்களை அன்று தொலைக்காட்சியில் பார்த்தோம். கிணறும் தென்னையும் மாட்டுக்கொட்டகையும் அந்த நேரக்கணக்கில் இல்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றித் திட்டத்துக்கு வழிவிட்டது.

வேறு எண்களைக் கொடுக்க முடியாதா என்றால், முடியும். 1989-இல் கனடாவின் டொரண்டோவில் பெண்கள் தங்கள் தெருக்களில் நடந்து, வெளிச்சம் எங்கே இல்லை, ஒளிந்துகொள்ள இடம் எங்கே என்று தாங்களே குறித்தார்கள். டெல்லியின் ஜாகோரி அமைப்பு அந்த முறையை இங்கே கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் கல்பனா விஸ்வநாத் இணைந்து தொடங்கிய ‘சேஃப்டிபின்’ செயலி, ஓர் இடத்தை வெளிச்சம், ஆள் நடமாட்டம், அங்கிருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், பஸ் எவ்வளவு அருகில் என்றெல்லாம் மதிப்பிடுகிறது. இவை எல்லாம் எண்ணாக மாறக்கூடியவை. எண்ணாக மாறினால் டைக்ஸ்ட்ராவின் கணக்கு அவற்றையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளும்.

இதைப் படிக்கும் மாணவியருக்கு ஒரு வேலை சொல்ல விரும்புகிறேன். உங்கள் அம்மாவோ பாட்டியோ சந்தைக்கும் பிறந்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எந்த வழியாகப் போனார்கள், எந்த வழியைத் தவிர்த்தார்கள், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். டாஸ்மாக் இருந்தது, தெருவிளக்கு இல்லை, அந்தத் தெருவில் விடமாட்டார்கள், அங்கே ஒரு கிழவி தண்ணீர் கொடுப்பாள் என்று காரணங்கள் வரும். ரீட்டின் ஆட்கள் இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்தச் சமவெளியை வயல் வயலாக அளந்தபோது யாரும் எழுதிக்கொள்ளாத விவரங்கள் அவை. ஊர், தெரு, காரணம் என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு போதும், தொடங்கிவிடலாம்.