கடல் கடந்து வந்த குதிரைகள்
காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் விசயநகரச் சிற்பிகள் செதுக்கிய குதிரைகள் முன்கால் தூக்கிப் பாய்கின்றன; ஆயினும் உயர்ந்த போர்க்குதிரைகள் தமிழ் மண்ணில் தழைத்துப் பெருகாமையால், அரசர்கள் அவற்றை மீண்டும் மீண்டும் பெருவிலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையே, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் கலங்கள் குதிரைகளைக் கொணர்ந்ததைக் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில், மலைமண்டலமாகிய சேரநாட்டிலிருந்து வந்து குதிரை விற்ற வணிகர்கள் 'குதிரைச் செட்டி' என்று குறிக்கப்படுகின்றனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை பராமரிப்பின்றி மடிந்தன என்றும், விற்பனை குறையாதிருக்க அரபு வணிகர்கள் இலாடம் அடிப்போரை இங்கு வரவிடவில்லை என்றும் எழுதுகிறார். பின்னது வணிகர்மீதான வம்பாகவும் இருக்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வாசஃப், குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலை பேசப்பட்டதாகவும், வழியில் இறந்தவற்றுக்கும் அரசுக் கருவூலமே பணம் செலுத்தியதாகவும் குறிப்பிடுகிறார். விசயநகரத்தில் தங்கிய போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் தரும் செய்தி இன்னும் வியப்பானது: சாளுவ நரசிம்மன் காலத்தில், கடலில் இறந்த குதிரையின் வாலைக் காட்டினாலே முழு விலையும் கிடைத்ததாம்.

போர்த்தேவை மறைந்தபின், இவ்வணிகம் அரண்மனை வாயிலிலிருந்து திருவிழாச் சந்தைக்கு இறங்கியது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டி மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் இன்றும் கைமாறுகின்றன.