எரிந்தானா, எரியவில்லையா? மாசி மாதத்துக் காமன் பண்டிகை



இப்போது செந்துறைப் பக்கம் போனால் முந்திரித் தோப்பெல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கும். சம்பா அறுத்துக் களத்து வேலையும் ஏறக்குறைய முடிந்திருக்கும். பகலில் வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கியிருக்கும், விடியற்காலம் மட்டும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லும். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று நம் முன்னோர் கணக்குப் போட்டு வைத்தது இதைத்தான். குடியானவன் வீட்டில் நாலு மூட்டை தானியம் இருக்கிற காலம், ராத்திரியில் கண் விழித்தாலும் மறுநாள் ஏர் பூட்ட வேண்டிய அவசரம் இல்லாத காலம். அதனால்தான் சிவராத்திரி, அங்காளம்மன் மயானக் கொள்ளை, மாசி மகம் என்று எல்லாம் இந்த ஒரு மாதத்தில் நெருங்கி நெருங்கி வருகின்றன. இவற்றோடு சேர்ந்த ஒன்றுதான் காமன் பண்டிகை. இன்றைக்கு அதன் கதையைக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு இது தெரிந்ததுதான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற அன்று, தெருமுனையில் காமன் நடுவார்கள். ஆமணக்குக் கொம்பு, கரும்பு, வைக்கோல்பிரி, வரட்டி என்று ஊருக்கு ஊர் சாமான் கொஞ்சம் மாறும். ஆமணக்கும் கரும்பும் அநேகமாக எங்கேயும் இருக்கும். மன்மதனுக்கு வில்லே கரும்புதானே! அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் தினம் ராத்திரி அங்கே பாட்டும் கூத்தும். ரதி வேடம் ஒருவர், மன்மதன் வேடம் ஒருவர். பௌர்ணமியன்று சிவனுக்குக் கோபம் வந்து காமன் எரிவான். ரதி புலம்புகிற புலம்பலைக் கேட்டுப் பெண்கள் கூட்டத்தில் நிஜமாகவே அழுவார்கள். மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் வரும், பண்டிகை முடியும்.

கதை உங்களுக்குப் புதிதல்ல. சிவபெருமான் யோகத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பிள்ளை பிறந்தால்தான் அசுரர் தொல்லை தீரும். தேவர்கள் கூடி மன்மதனைப் பிடித்து, நீ போய் அம்பு விடு என்றார்கள். அவன் மலரம்பு விட்டான், நெற்றிக்கண் திறந்தது, சாம்பலானான். கந்தபுராணத்தில் இதற்கென்றே காமதகனப் படலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. இது நடந்த இடம் என்று சொல்லப்படுவதும் நமக்குத் தூரமில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி மாயவரம் பக்கம் போனால் கொருக்கை வரும். அட்ட வீரட்டத் தலங்கள் எட்டில் அதுவும் ஒன்று.

ஆனால் காமனுக்கு விழா எடுப்பது இந்தக் கதையோடு மட்டும் தொடங்கவில்லை. கலித்தொகையில் வில்லவன் விழா என்று வருகிறது. அந்த வில்லவன் காமன்தான். சிலப்பதிகாரத்தில் பூம்புகாரில் காமவேள் கோட்டம் இருக்கிறது. கணவன் திரும்பி வர வேண்டுமானால் அங்கே போய்க் குளத்தில் மூழ்கித் தொழு என்று தேவந்தி யோசனை சொல்கிறாள், கண்ணகி அது நமக்குப் பெருமையல்ல என்று மறுத்துவிடுகிறாள். இந்த இரண்டு இடத்திலும் காமன் கும்பிடுகிற சாமியாகத்தான் தெரிகிறான், எரிகிற ஆளாகத் தெரியவில்லை. இளவேனிலை வரவேற்கிற பழைய கொண்டாட்டத்தின் மேல் புராணத்து நெருப்பு பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வடக்கே இதே பௌர்ணமியில்தான் ஹோலிக்கு நெருப்பு வைக்கிறார்கள். கர்நாடகத்தில் அதைக் காமதகனம் என்றே சொல்வார்கள்.

இனி லாவணிக்கு வருவோம். காமன் பண்டிகையின் உயிரே அதில்தான் இருந்தது. இது மராட்டியர் கொண்டுவந்த சரக்கு. 1676 வாக்கில் ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். 1855 வரை அந்த வம்சம் அங்கே இருந்தது. அரண்மனையோடு வந்த மராத்திப் பாட்டு, காவேரிக் கரையில் தமிழாக மாறி, கொள்ளிடத்தைத் தாண்டி நம்ம புன்செய்க் காட்டுக்கும் வந்து சேர்ந்தது. மராட்டிய நாட்டிலேயே லாவணி பாடுகிறவர்கள் கல்கி, துரா என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு பாடுவார்கள். ஒன்று சக்தி உசத்தி என்னும், மற்றது சிவன் உசத்தி என்னும். இங்கே வந்ததும் அந்தச் சண்டையை நம் ஆட்கள் காமன் தலையில் கட்டிவிட்டார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி!

ஒருவர் டேப்பைத் தட்டிக்கொண்டு பாடுவார், பக்கத்தில் துந்தினா ஒற்றை நரம்பில் ஒலித்துக்கொண்டே இருக்கும். எரிந்த கட்சிக்காரர், நெற்றிக்கண் நெருப்புக்குத் தப்பியவன் உண்டா, சாம்பலைப் பார்த்தவர் ஆயிரம் பேர் என்பார். எரியாத கட்சிக்காரர் லேசில் விடமாட்டார். செத்திருந்தால் ரதி கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறான்? உடம்பில்லாதவன் என்றுதானே அநங்கன் என்று பேர் வந்தது, உடம்பு போனால் ஆள் போனானா? அவன் போயிருந்தால் உன் வீட்டில் பிள்ளை எப்படிப் பிறந்தது? இப்படி ஒரு கேள்வி விழுந்ததும் கூட்டம் ஆரவாரம் செய்யும். பதிலையும் அதே மெட்டில், அங்கேயே கட்டிப் பாட வேண்டும். நடுவில் பாரதத்திலிருந்து ஒரு முடிச்சு, ராமாயணத்திலிருந்து ஒரு முடிச்சு என்று போட்டுக்கொண்டே போவார்கள். பதில் வராதவர் தோற்றவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத எத்தனையோ பேருக்குப் புராணமும் தர்க்கமும் வந்தது இந்த மாசி ராத்திரிகளில்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று இல்லை. தெருவுக்கொரு காமன், சாதிக்கொரு கூட்டம் என்று இருந்த ஊர்கள் உண்டு. யார் கேள்வி கேட்கலாம், யார் தள்ளி நின்று கேட்க வேண்டும் என்கிற கட்டுப்பாடும் இருந்தது. பழசைப் புகழ்கிறபோது இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

இந்தக் காமன் கடல் கடந்தும் போயிருக்கிறான். 1820-களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போனார்கள். பஞ்சமும் கடனும் துரத்த, அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லா, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் குடியானவர்களும் கூலிக்காரர்களும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் அநேகம். 1869-ல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் கண்டது. நம் நிலக்கடலையில் துரு விழுகிற மாதிரிதான், ஆனால் அது ஒரு நாட்டுக் காப்பியையே தின்று தீர்த்தது. பிறகு தேயிலை வந்தது. செடி மாறினாலும் லயத்து வீடும் கங்காணியும் மாறவில்லை.

அந்த ஜனங்கள் மூட்டையில் என்ன கொண்டுபோயிருக்க முடியும்? ஆனாலும் மாசி பிறந்தால் லயத்துக்கு முன்னால் காமன் நட்டார்கள். ரதி, மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று வேடம் கட்டி ஆடினார்கள். மலையகத்தில் காமன் கூத்து என்று அதற்குப் பேர். இன்றைக்கும் அங்கே தோட்டங்களில் ஆடுகிறார்கள். இங்கே நாம் மறந்த பாட்டு சில அங்கே கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

1948-ல் இலங்கையில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தானியம் பங்கு போடுகிற மாதிரி மனிதர்களைப் பங்கு போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்தவர்கள் உண்டு. அங்கேயே தங்கியவர்களில் குடியுரிமை இல்லாமல் மிஞ்சியவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் வழி செய்தது. இவ்வளவு அலைச்சலிலும் காமனை விடாமல் வைத்திருந்தார்களே, அதை நினைத்தால் ஊரிலேயே உட்கார்ந்திருந்த நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே நிலைமை உங்களுக்கே தெரியும். காமன் நடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எரிப்பதும் நடக்கிறது. ஆனால் நேருக்கு நேர் உட்கார்ந்து பதிலுக்குப் பதில் கட்டுகிற ஆள் குறைந்துபோச்சு. பல இடங்களில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, கடைசி நாள் ஒரு ஆர்கெஸ்ட்ரா, அவ்வளவுதான். ஆமணக்குக் கொம்புக்கே தேட வேண்டியிருக்கிறது, வரப்போரம் ஆமணக்கு போடுகிற வழக்கமே போய்விட்டதே. ஒரு காலத்தில் ஆடுதுறை 27 ரகத்தைப் பற்றி ரேடியோவில் கேட்டுக் கேட்டு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தவர்கள் நம் ஆட்கள். புதுசைப் பிடித்துக்கொள்வதில் நமக்கு எப்போதும் தாமதமில்லை.

லாவணி பாடினவர்கள் வீட்டில் பாட்டு நோட்டு இருக்கும். பென்சிலில் எழுதினது, கரையான் தின்றது, அட்டை போனது என்று பரண் மேலே கிடக்கும். மராத்தி லாவணிச் சுவடிகளைத் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் தமிழ் லாவணிக்குப் பரண்தான் நூலகம். இந்த மாசியில் வெள்ளையடிக்கவோ ஓடு மாற்றவோ பரணை ஒழிக்கிறவர்கள், அந்த மாதிரி நோட்டு கண்ணில் பட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் காட்டி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாட்டுத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், பேரப்பிள்ளை கையில் இருக்கிற போனிலேயே பாடச் சொல்லிப் பதியலாம். எந்தக் கட்சிப் பாட்டு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்சியின் நோட்டு மட்டும் கிடைத்தால், எதிர்க்கட்சி பாடினவர் வீடு எந்தத் தெரு என்று அவரிடமே விசாரியுங்கள். அநேகமாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்.