கொடிப்பந்தல் மரங்களின் பாதுகாப்பு

அவரை, புடலை, பாகல், மல்லிகை போன்ற கொடிகள் படர வெட்டவெளியில் நிறுத்தப்படும் மரக்கால்களும் குறுக்குக் கழிகளும் சேர்ந்தது கொடிப்பந்தல். சுவரோரம் சாய்த்துக் கட்டும் சட்டத் தட்டியும் இவ்வகையே.

மழையில் நனைவதால் மட்டும் மரம் மக்குவதில்லை. ஈரம் உலராமல் தங்குவதால் மக்குகிறது. மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் உலர் எடையில் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் மரத்தைத் தின்ன முடியாது. நீரில் முழுக்க மூழ்கிய மரத்தையும் காற்றில்லாததால் அது எளிதில் தொடாது. நீரும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் மண்மட்டம். பார்வைக்கு உறுதியாக நிற்கும் பந்தக்கால் ஐப்பசிக் காற்றில் தரையோடு முறிவது இதனால்தான்.

வெளியே வைரம் (கெட்டியான பகுதி) உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பகுக்கிறது தொல்காப்பியம். பந்தல் போடுபவருக்கு இந்தப் பகுப்பு இன்றும் உதவும். தேக்கின் உள்வைரம் பூஞ்சையை எதிர்த்து நிற்கும். அதே தேக்கின் புறத்து வெள்ளைப் பகுதி நிற்காது. இளஞ்சவுக்குக் கழியில் பெரும்பகுதி வெள்ளைதான். மூங்கிலின் மாவுச்சத்தோ வண்டை அழைக்கும். மண்ணில் நட்ட மூங்கில் ஓரிரு ஆண்டுகளே தாங்கும்.

பந்தக்காலைச் சிமெண்டுக் கலவையில் புதைப்பது பரவலான வழக்கம், ஆனால் தவறு. மரம் சுருங்கியதும் விளிம்பில் விழும் இடுக்கில் நீர் இறங்கி, கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். கல் அல்லது கான்கிரீட் அடித்தளத்தில் இரும்புப் பட்டை பதித்து, காலைத் தரைக்கு மேலே தூக்கிப் பூட்டுவதே சரி. குறுக்கே அறுத்த முனைகள் மற்றப் பரப்பைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். உச்சியைச் சரிவாகச் சீவி, எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். தட்டிக்கும் சுவருக்கும் இடையே இரு விரற்கடை இடைவெளி விடுவது நல்லது.

பூச்சு இவற்றுக்கெல்லாம் பிறகுதான். வண்ணப்பூச்சு வெடித்தால் விரிசலில் புகுந்த நீர் வெளியேறாது; மரத்துக்குள் இறங்கும் எண்ணெயே மேல். முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப்படுவது. தோலைப் புண்ணாக்கும், கவனம் தேவை. வண்டிக் கழிவெண்ணெய் மண்ணைக் கெடுக்கும். போராக்ஸ் கரைசல் பூஞ்சைக்கும் வண்டுக்கும் நல்ல மருந்து, ஆனால் மழையில் கரைந்தோடிவிடும். 1930-களில் சொந்தி காமேசம் டேராடூனில் உருவாக்கிய செம்பு–குரோமியம்–ஆர்சனிக் கலவை உலகெங்கும் கம்பங்களைக் காத்தது. ஆர்சனிக் கசியும் அச்சத்தால் 2003 இறுதியோடு அமெரிக்க வீட்டுப் பயன்பாட்டிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டது. காய்கறிப் பந்தலுக்கு அது ஆகாது.

கொடியே ஈரத்தைத் தேக்கும் போர்வை. பருவக் கொடியானால் பங்குனி, சித்திரையில் சருகை நீக்கி, காயவிட்டு, எண்ணெய் பூசலாம். மல்லிகைக்கு அந்த இடைவெளி கிடைக்காது. தட்டியைக் கொக்கியில் மாட்டினால் கொடியோடு இறக்கிச் சாய்த்து வேலை பார்க்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள் கல்தூணுக்கும் கம்பிக்கும் மாறிவிட்டன. வெற்றிலைக் கொடிக்காலில் தாங்கும் அகத்தி உயிரோடு நிற்கும் மரம். அதற்குப் பூச்சு வேண்டியதில்லை.