கம்பளிப்பூச்சித் தோலழற்சி

கம்பளிப்பூச்சித் தோலழற்சி என்பது அந்துப்பூச்சிப் புழுக்களின் மயிர்கள் தோலில் தைத்து உண்டாக்கும் அரிப்பும் தடிப்பும் ஆகும். இது தொடுகையால் வரும் தோலழற்சி வகை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

காரணி: தமிழகத்தில் பரவலாக அறியப்படுவது முருங்கைக் கம்பளிப்பூச்சி (யூப்டெரோட் மோலிஃபெரா). புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக அடைந்து பட்டையைச் சுரண்டும். இலைகளையும் தின்று மரத்தை மொட்டையாக்கும். பின் மண்ணில் கூட்டுப்புழுவாகும்.

அறிகுறிகள்: எரிச்சல், சிவந்த தடிப்புகள், சிறு கொப்புளங்கள். மயிர்கள் குத்துவதோடு அவற்றிலுள்ள நச்சுப் பொருள்களும் அழற்சியைத் தூண்டுகின்றன. உதிர்ந்த மயிர்கள் துணியில் ஒட்டியும் பாதிக்கும். கண்ணில் பட்டால் விழிவெண்படலம் வரை ஊடுருவலாம்.

பரவல்: தேனி மாவட்டத்தில் வருசநாடு அடங்கிய ஆண்டிபட்டிப் பகுதியில் முருங்கை சாகுபடி உண்டு. இத்தகைய இடங்களில் மழைக்குப் பின் புழுக்கள் பெருகும்போது காய் பறிப்போரும் மரத்தடியில் விளையாடும் சிறுவரும் பாதிக்கப்படுவர்.

சிகிச்சை: பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மயிர்கள் ஆழமாக இறங்கும். ஒட்டும் நாடாவால் மயிர்களை அகற்றிச் சோப்பு நீரில் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். காலமைன் பூச்சு அரிப்பைத் தணிக்கும். தேவைப்பட்டால் மருத்துவர் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை தருவார். மூச்சுத்திணறலுக்கும் கண் பாதிப்புக்கும் உடனடி மருத்துவம் அவசியம்.

தடுப்பு: முட்டைக் குவியல்களைச் சேகரித்து அழித்தல், மழைக்குப் பின் எக்டேருக்கு 1 விளக்குப்பொறி வைத்தல், அடிமரத்தில் அடையும் புழுக்களைத் தீப்பந்தத்தால் அழித்தல், முழுக்கைச் சட்டை அணிதல்.