பல்சக்கரத்தை உதறிய குழாய்

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் கண்ணாடி எத்தனை அங்குலம் என்றுதான் முதலில் கேட்பார்கள். வானத்தைப் படம் பிடிக்க இறங்கியவர்களுக்குத்தான் கடைசி முனையில் இருக்கும் சிறு குழாயின் அருமை தெரியும். கண்ணாடி திரட்டிய ஒளி வந்து கூடும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்தக் குழாயின் வேலை. அதைத்தான் ஃபோகஸர் என்கிறோம். இன்று நடுத்தர விலைத் தொலைநோக்கிகள் பலவற்றில் வருகிற ஃபோகஸருக்கு ஓர் ஊரின் பெயர்: க்ரேஃபோர்டு. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர் அது. அங்கிருந்த மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தின் உறுப்பினர் ஜான் வால் உருவாக்கியது இது.

கலிலியோ காலத்தில் ஃபோகஸர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். காட்சி தெளியும்வரை கையால் இழுப்பார்கள், தள்ளுவார்கள். பித்தளைத் தொலைநோக்கிகளின் காலத்தில், குழாயின் மேல் பல்பட்டை ஒன்றைப் பதித்து, அதில் சிறு பல்சக்கரத்தைப் பொருத்திக் குமிழால் திருகும் முறை வழக்கத்துக்கு வந்தது. ரேக் அண்டு பினியன் என்று சொல்வது இதைத்தான். நன்றாகச் செய்தால் அருமையான அமைப்பு. ஆனால் நன்றாகச் செய்யப் பணம் ஆகும். பற்கள் சிக்காமல் சுழல அவற்றுக்கிடையே துளி இடைவெளி வேண்டும். அதனால் குமிழைத் திசைமாற்றித் திருப்பும்போது முதலில் குமிழ் மட்டும் சுற்றும், குழாய் நகராது. குழாய் வழுக்கிப் போகவும் சுற்றிலும் இடைவெளி வேண்டும். திருகத் திருகக் குழாய் ஆடி, பார்த்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் இடம் மாறும். மலிவான தயாரிப்புகளில் இந்த இடைவெளிகளைக் கெட்டியான கிரீஸ் அப்பி மறைப்பார்கள். குளிர் இரவில் கிரீஸ் இறுகிவிடும்.

வாலின் காலத்தில் அமெச்சூர் வானியலாளர்கள் பலர் தொலைநோக்கியைத் தாங்களே செய்துகொண்டவர்கள். ஆடியைப் பொறுமையாகக் கையால் தேய்த்தே உருவாக்கிவிடுவார்கள். துல்லியமாகப் பல் வெட்டுவது மட்டும் வீட்டுப் பட்டறைக்கு அடங்காத வேலை. வால் அந்தப் பற்களையே தூக்கிப் போட்டார்.

அவர் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நான்கு பேரிங்குகள்: முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும். குழாய் அவற்றின் மேல் படுத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் வழவழப்பான ஒரு தண்டு, ஸ்பிரிங் விசையால் குழாயை அந்த நான்கின் மேலும் அழுத்திப் பிடிக்கும். நான்கு தொடுபுள்ளிகள் இருப்பதால் குழாய் மேலும் கீழும் போக முடியாது, பக்கவாட்டில் விலக முடியாது, எந்தப் பக்கமும் சாய முடியாது. முன்னும் பின்னும் ஓடலாம், தன் அச்சில் உருளலாம், அவ்வளவுதான். குழாயில் ஒரு பக்கத்தைத் தட்டையாக இழைத்துத் தண்டை அதன் மேல் அழுத்தினால் உருளுவதும் நின்றுவிடும். மிஞ்சுவது நமக்கு வேண்டிய ஒரே நகர்வு. தண்டைத் திருகினால், உராய்வின் பிடிப்பாலேயே குழாய் போகும், வரும். பல் இல்லாததால் பல்லிடுக்கின் தளர்வு இல்லை. அழுத்திப் பிடித்திருப்பதால் ஆட்டமும் இல்லை. இயந்திரவியல் தெரிந்த எவரையும் மகிழவைக்கும் சிக்கனம் இது. அதிகத் துல்லியத்தைக் குறைந்த பாகங்களால் வாங்கியிருக்கிறார்.

1971-இல் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் இதழில் இதன் விவரம் வெளிவந்தது. 1972-இல் அமெரிக்காவின் ‘ஸ்கை அண்டு டெலஸ்கோப்’ இதழ் இதைக் கடல் கடந்து கொண்டுபோனது. வால் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவரவர் பட்டறையில் செய்தார்கள். பிறகு நிறுவனங்கள் செய்தன. தைவான் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்யத் தொடங்கியபின் விலை இறங்கியது. இன்று ஒரு மாணவர் நல்ல ஃபோகஸர் வாங்க முடிகிறதென்றால் அதில் அந்த மனிதரின் பெருந்தன்மைக்கும் பங்குண்டு. சாதனத்துக்குத் தன் பெயரைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கேமரா வந்ததும் இந்தக் குழாயின் மீது புதிய சுமை ஏறியது. கண்ணால் பார்க்கச் சிறிய ஐபீஸ் போதும். டிஎஸ்எல்ஆர் கேமராவோ முக்கால் கிலோ கனக்கும். துல்லியமும் கூடுதலாக வேண்டும். f/5 தொலைநோக்கியில் நட்சத்திரம் கூர்மையாக விழும் எல்லை ஏறத்தாழ 60 மைக்ரான், ஒரு தலைமயிரின் தடிமன். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை ஒரு முழுச் சுற்று திருகினால் குழாய் 19 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் 60 மைக்ரானுக்குக் குமிழை ஒரே ஒரு டிகிரி திருப்ப வேண்டும். விரல்களால் ஆகிற காரியமா? அதற்காகத்தான் 10:1 நுண்குமிழ் வந்தது. அதன் உள்ளேயும் பற்கள் இல்லை, எஃகுக் குண்டுகள் உருண்டுதான் வேகத்தைக் குறைக்கின்றன. ஒரு டிகிரி பத்து டிகிரி ஆகிறது, விரலுக்கு எட்டிவிடுகிறது. படம் எடுப்பவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. இரவு குளிரக் குளிர ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 23 மைக்ரான் சுருங்கும். மூன்று டிகிரி இறங்கினாலே அந்த 60 மைக்ரான் எல்லை தாண்டிவிடும். நுண்குமிழை நள்ளிரவில் திரும்பவும் தொட்டாக வேண்டும்.

நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார், லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. இணைப்பு வளையத்தையும் சேர்த்தால் 55. ஃபோகஸர் உயரமாக இருந்தால் குழாயை முழுக்க உள்ளே தள்ளினாலும் குவியம் சென்சாரை எட்டாது. குட்டையான உடல் கொண்ட ஃபோகஸர்தான் அங்கே உதவும்.

உராய்வில் ஓடும் எதற்கும் ஓர் எல்லை உண்டு. பாரம் மிகுந்தால் தண்டு சுழலும், குழாய் வழுக்கும். மோட்டார் பூட்டி, அதன் சுழற்சிப் படிகளை எண்ணி நகர்த்துகிறவர்களுக்கு அந்த வழுக்கல் கணக்கையே குலைத்துவிடும். அதனால்தான் கனமான குளிரூட்டிய கேமராக்களுக்கு, நேர்த்தியாகப் பல் வெட்டிய ரேக் அண்டு பினியன் திரும்பவும் மதிப்புப் பெற்றிருக்கிறது. இதில் வாலின் யோசனைக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. அவர் தீர்த்தது வேறு கேள்வி.

சிறிய தொலைநோக்கியும் எடை குறைந்த கேமராவும் வைத்திருப்பவருக்கு, நுண்குமிழ் உள்ள 2 அங்குல க்ரேஃபோர்டு தாராளமாகப் போதும். வாங்கும் முன் உங்கள் கேமராவை அதில் மாட்டி, தொலைநோக்கியை உச்சிவானத்துக்குத் திருப்பி, குழாயை மேலே ஏற்றிப் பாருங்கள். தண்டின் அழுத்தத்தைக் கூட்டும் இழுவைத் திருகை முடுக்கியபின்னும் குழாய் கீழே இறங்கினால் அதை வாங்காதீர்கள்.